மூன்றாவது கைதட்டல்

திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் என் பெட்டி ஒரு ஜட்காவில் ஏறிக்கொண்டது, நான் இன்னொன்றில் ஏறிக்கொண்டேன். கூலிக்காரரும் வண்டிக்காரர்களும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. பெட்டி முன்னால் போக, நான் பின்னால் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே போனேன். நல்லவேளையாக இரண்டு வண்டியும் பாலக்கரைக்குத்தான் போயின. பினாங்கில் மூன்று சக்கரத் திரிஷாக்காரன் பெட்டியைத் தூக்கி நம் மடியிலேயே வைத்துவிடுவான். முட்டி வலிக்கும், ஆனால் பெட்டி நம்மோடு இருக்கும்.

நான் ஊர் பார்க்க வந்தவன் இல்லை. பினாங்கு துறைமுகக் கிட்டங்கி ஒன்றில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பளு தூக்கும் போட்டிகளுக்கு நடுவராக உட்காருவேன். மலாயாவுக்கு அப்போது இன்னும் சுதந்திரம் வரவில்லை. முசிறியில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்ததால் லீவு போட்டிருந்தேன். அந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாலக்கரையில் ஒரு தேகப்பயிற்சிக் கழகம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கழகம். இரண்டும் சேர்ந்து, ஜில்லா ரிக்கார்டுகளை முறியடிப்பதற்கென்றே ஒருநாள் போட்டி வைத்திருந்தார்கள். ரிக்கார்டு செல்லுபடியாக மூன்று நடுவர்கள் வேண்டும். கழகத்துக்கு ஒருவர் இருந்தார். மூன்றாவது ஆள் யார் என்பதில்தான் தகராறு. "தாங்கள் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்பதே எங்களுக்குப் போதும்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைக் கிட்டங்கியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாலக்கரைக் கழகத்தின் காரியதரிசி சேவியர், ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வாயில் எப்போதும் விசில் இருப்பது மாதிரியே பேசுவார். அவர் பக்கத்து நடுவரும் அவரேதான். என்னைச் சந்துக்குள் இருந்த ஒரு கடைக்கு அழைத்துப் போய் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வாங்கிக் கொடுத்தார். இட்லியைக் குழம்பில் முக்கி எடுத்தபோது எனக்குப் பினாங்கே மறந்துபோனது. காப்பி வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் காப்பி கறுப்பு, டின் பால் ஊற்றுவோம். இங்கே நுரை பொங்க டபராவில் வைக்கிறார்கள். நுரையோடு குடிக்கத் தெரியாமல் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

"நாளைக்கு ஸ்ரீரங்கத்துக்காரங்க உங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றார் சேவியர். "போயிட்டு வாங்க. மரியாதை. ஆனா பாத்துச் சாப்பிடுங்க சார்."

"ஏன், காரமா?"

"காரம் ஒண்ணும் இல்லீங்க" என்று சிரித்தார். அவர் சொன்னது எனக்குப் போட்டி அன்றுதான் உறைத்தது.

மறுநாள் ஸ்ரீரங்கம் பஸ் காவேரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் தள்ளியவர் என் தோளைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒருத்தரே தள்ளிடுவீங்க போலிருக்கே, நாங்க ஏறிக்கலாமா" என்றார். பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். பங்குனி மாதம். ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். அப்பா சாகும்வரை காவேரி காவேரி என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த மணலைத்தானா என்று மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் என்னை அழைத்தவர் வரதன். அங்கேயே ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார், ஸ்ரீரங்கம் கழகத்தின் நடுவரும் அவர்தான். ஒல்லியான மனுஷர், நெற்றி நிறைய நாமம், குரலே வெளியே வராது. "தளிகை ஆயிடுத்து, அமுது செய்யணும்" என்று கைகூப்பிச் சாப்பிட அழைத்தார். வாசல் அறையில் எனக்கு மட்டும் தனியாக இலை போட்டார்கள். ஏன் தனியாக என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புளியோதரையும் அக்காரவடிசிலும் பிரமாதம். ஆனாலும் தனி இலை தனி இலைதான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஒருவர் உள்ளே வந்தார். பின்குடுமி, வெற்று மார்பு. வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி காய்த்துப் போயிருந்தது.

"அடியேன் சம்பத்து" என்றார். "ஸ்வாமி பினாங்கிலேர்ந்து எழுந்தருளியிருக்கேள்னு வரதன் சொன்னான்."

"தோள்ல என்னங்க?"

"பெருமாள் குடுத்தது. அடியேன் ஸ்ரீபாதம் தாங்கி."

கோயிலில் பெருமாள் வீதி புறப்படும்போது பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு அங்கே அப்படிப் பெயர். பரம்பரையாக வருகிற கைங்கரியம். சம்பத்துக்குப் பன்னிரண்டு வயதில் பல்லக்குத் தண்டு தோளில் ஏறியிருக்கிறது. அவர் போன பிறகு வரதன்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு குழந்தைகள் சார். கோயில்லேர்ந்து பிரசாதம் வரும், அதை வச்சுண்டு ஸ்கூலுக்கு அனுப்ப முடியுமா? நாளைக்கு ஒரு மில்லோட ஆபீசர் போட்டி பாக்க வரார். அந்த மில்லிலே விளையாட்டுக்காராளுக்கு வேலை குடுக்கறா. ஜில்லா ரிக்கார்டுன்னு மூணு ஜட்ஜு கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும், அவ்வளவுதான். வயசு வரம்பு இந்த வருஷத்தோட சரி. நாளைக்கு விட்டா அவனுக்கு இனிமே கிடையாது."

"இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது சார்" என்றேன்.

வரதன் முகம் சிறுத்துப் போனது. "வாஸ்தவம். தப்புதான். மறந்துடுங்கோ" என்றார். எப்படி மறப்பது?

போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே ஒரு நிச்சயதார்த்தம். நாங்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாழைமரத்தை இறக்கிவிட்டார்கள். அதனால் ஒரே ஓட்டம். பெயர் கூப்பிட்டு இரண்டு நிமிஷத்துக்குள் பலகை மேல் வரவேண்டும், இல்லாவிட்டால் மணி அடித்து அந்த முறை போய்விடும். ஒருவர் இறங்குவதற்குள் அடுத்தவருக்குத் தட்டு மாற்றினார்கள். பினாங்கில் நாங்கள் நடுவில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை பேசி, நிதானமாக நடத்துவோம். இங்கே கண்ணைக் கசக்கவும் நேரமில்லை. நான் நடுவில், என் இடது பக்கம் சேவியர், வலது பக்கம் வரதன். ஆளுக்கு ஒரு வெள்ளைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி.

உட்காரும்போதே சேவியர் ஆரம்பித்தார். "என்ன சார், புளியோதரை வாசனை இன்னும் போகலையே."

விளையாட்டாகத்தான் சொன்னார். பின்னால் இருந்த பாலக்கரைப் பையன்கள் பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்று கூப்பிட்டு வரவழைத்த ஆளை, ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு பக்கத்துக்குச் சாய்த்துவிட்டார்கள். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பளு தூக்கும் போட்டியில் பிரஸ் என்று ஒரு முறை உண்டு. கம்பியை மார்புவரை கொண்டுவந்து, அசையாமல் நிற்க வேண்டும். நடு நடுவர் கைதட்டுவார். தட்டிய பிறகு, கை பலத்தால் மட்டும் கம்பியைத் தலைக்கு மேல் தள்ள வேண்டும். முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் கால் உந்தலைத் திருடியதாகக் கணக்கு. தீர்ப்புச் சொல்ல அதைப் போல் கஷ்டமான முறை வேறு கிடையாது. எல்லாம் ஒரு கண்சிமிட்டலில் நடந்துவிடும்.

நாலு மணிக்குச் சம்பத்தைக் கூப்பிட்டார்கள். சாக்பீஸ் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு வந்தார். ஜில்லா ரிக்கார்டைவிட ஐந்து பவுண்டு அதிகம் கேட்டிருந்தார். கம்பியை மார்புக்கு எடுத்து நின்ற நிலை இருக்கிறதே, அப்படி ஒரு நிற்பை நான் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பார்த்ததில்லை. கண் இமைகூட ஆடவில்லை. நான் கைதட்டினேன். இரண்டு முட்டியும் சட்டென்று இளகி, நிமிர்ந்தன. கம்பி மேலே போய் நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். சேவியரும் சிவப்பு. திரும்பிப் பார்த்தேன், வரதனும் சிவப்பு.

இரண்டாவது முறையும் அதேதான். கல்லாக நின்றார், நான் தட்டினேன், முட்டி இளகியது, மூன்று சிவப்பு. எனக்கு ஒன்று புரியவில்லை. ஏமாற்றுகிறவன் கம்பி பாதியில் சிக்கும்போது முட்டியை மடக்குவான். இவருக்குச் சிக்கவே இல்லை. கம்பி கிளம்புவதற்கு முன்பே முட்டி இளகுகிறது. அதனால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. சொல்லப்போனால் நஷ்டம்.

மூன்றாவது முறைதான் கடைசி, அதற்கு மூன்று நிமிஷம் ஓய்வு கொடுத்தோம். சம்பத் பக்கத்து வகுப்பறைக்குப் போய் பெஞ்சில் படுத்துக்கொண்டார். முன்வரிசையில் மில் ஆபீசர் கூட வந்தவரிடம் இங்கிலீஷில் பேசியது என் காதில் விழுந்தது. ஆள் நல்ல ஆள்தான், ஆனால் காகிதம் இல்லாமல் நான் என்ன செய்ய, ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார்.

அப்போது வரதன் நாற்காலியை விட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"சார், இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கை தட்டாதேள். வாயாலே சொல்லுங்கோ."

"என்ன சொல்றீங்க?"

"வீதியிலே பெருமாள் நின்னு கிளம்பறச்சே, முன்னாலே போறவர் ஒரு தடவை கை தட்டுவார். தட்டினதும் எல்லாரும் ஒண்ணா முட்டியைத் தளர்த்தி எழுந்திருக்கணும். இல்லேன்னா பெருமாள் குலுங்கிடுவார். இருபது வருஷமா அவனுக்கு அதான் பழக்கம். கை தட்டினா முட்டி தானா எளகிடறது சார், அவனுக்கே தெரியறதில்லே. எங்க பயிற்சிக் கூடத்திலே நான் 'தள்ளு'ன்னு வாயாலேதான் சொல்வேன். கை தட்டிப் பழக்கவே இல்லே. தப்பு எம்மேலே."

சேவியர் எழுந்து வந்துவிட்டார். "வரதன் சார், ஜட்ஜு ஜட்ஜா இருக்கணும். காலையிலேர்ந்து எல்லாருக்கும் கைதட்டல்தானே? இவருக்கு மட்டும் வேறயா? எங்க பசங்க கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "புளியோதரை வேலை செய்யுதுடா" என்றது. திரும்பவும் அந்தச் சிரிப்பு.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பினாங்கில் காது கேட்காத ஒரு சீனப் பையன் இருந்தான். அவன் தூக்கும்போது நான் கை தட்டமாட்டேன், கையைக் கீழே இறக்கிக் காட்டுவேன். அவன் பிரஸ் செய்ததை யாரும் செல்லாது என்று சொன்னதில்லை. தொடங்கலாம் என்று ஆளுக்குத் தெரியப்படுத்தத்தான் அந்தக் கைதட்டலே. அது எனக்கு அந்த நிமிஷத்தில் நன்றாக ஞாபகம் வந்தது. 'தள்ளு' என்று ஒரு வார்த்தை. வாய் வலித்துவிடாது.

"எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றேன். "போய் உட்காருங்க."

வரதன் போய் உட்கார்ந்தார். மணி அடித்தது, சம்பத் வந்தார். கம்பியை எடுத்தார், நின்றார். ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, அதுகூட விழவில்லை. நான் கைதட்டினேன். முட்டி இளகியது.

மூன்று சிவப்பு. இந்தத் தடவை வரதனின் கொடிதான் முதலில் எழுந்தது. அந்த மனுஷர் கண் பார்த்ததை மறைக்கத் தெரியாதவர்.

சம்பத் கம்பியைச் சத்தம் இல்லாமல் கீழே வைத்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். மில் ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனார். வாழைமரத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சேவியர் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"நேர்மைன்னா இது சார். சாப்பாடு போட்ட வீடுன்னுகூடப் பாக்கல நீங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார். ராத்திரி அதே சந்துக் கடைக்கு அழைத்துப் போனார். இட்லி இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் முசிறிக்குப் புறப்பட்டவன், ஸ்ரீரங்கத்தில் இறங்கிக்கொண்டேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலை வேளை. உத்தர வீதியில் பெருமாள் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. வெளுத்த குடை, நாதஸ்வரம், முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம். ஒரு வீட்டு வாசலில் கற்பூரம் காட்டப் பல்லக்கு நின்றது. முன்தண்டில், வலது பக்கம், சம்பத். முந்தின நாள் அவ்வளவு தூக்கிய தோளில் அன்று பெருமாளும் இருந்தார்.

தீபாராதனை ஆயிற்று. முன்னால் நின்ற பெரியவர் ஒரு தடவை கைதட்டினார். அத்தனை முட்டிகளும் ஒன்றாக இளகி, ஒன்றாக நிமிர்ந்தன. மேலே மாலையில் ஒரு பூகூட அசையவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதைச் சொல்ல என்ன.

பெருமாள் உள்ளே போன பிறகு சம்பத் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம்.

"சம்பார தோசை. பெருமாள் அமுது செஞ்சது. ஸ்வாமி எடுத்துக்கணும்" என்று அந்த மிளகு தோசையை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"நேத்து நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க மேலே ஒரு குத்தமும் இல்லே" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "முட்டி மடங்கித்து, கொடியைத் தூக்கினேள். அது நியாயம். எல்லாம் வரதனாலே வந்தது. விஷயத்தை உங்ககிட்டே சொல்லணும்னு எழுந்திருந்தானாம், அதுக்குள்ளே மணி அடிச்சுட்டாளாம். அவனே சொன்னான். ஒரு நிமிஷம் முன்னாலே வந்திருக்கப்படாதா? வேலை போச்சே ஸ்வாமி, இனிமே வராதே. நேத்து ராத்திரி ஆத்துக்கு வந்தான். நான் கதவைத் திறக்கலே. சின்ன வயசிலேர்ந்து சிநேகிதம், இனிமே அவன் முகத்திலே முழிக்கறதா இல்லே."

வரதன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். தூர தேசத்திலிருந்து வந்தவன், தன் வீட்டில் சாப்பிட்டவன், அவன் மேல் ஒரு சொல் விழ வேண்டாம் என்று தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். முசிறி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அதற்குப் பிறகு பினாங்கு. என்னை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"வரதன் சார் சொன்னார்" என்றேன். "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து எல்லாத்தையும் சொன்னார். வாயால சொல்லுங்கன்னு கேட்டார். நான்தான் முடியாதுன்னுட்டேன்."

சம்பத்துக்கு அது உடனே புரியவில்லை.

"அப்போ, தெரிஞ்சேதான் தட்டினேளா?"

"ஆமா."

"ஏன்?"

புளியோதரை, சிரிப்பு, பின்வரிசைப் பையன்கள். மூன்று குழந்தைகளின் தகப்பனிடம் அதை எப்படிச் சொல்வது? சம்பத் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வரதன் ஆத்துக்குப் போகணும்" என்றார், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல். பிறகு திரும்பி வேகமாக நடந்தார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

பொட்டலம் என் கையில் இன்னும் சூடாக இருந்தது. பெருமாள் பிரசாதத்தைக் கீழே போடக் கூடாது, அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறவும் எனக்கு மனசு வரவில்லை. வீதியில் நின்றபடியே பிரித்து, மிளகு தொண்டையில் எரிய எரிய, கடைசித் துண்டுவரை தின்றேன்.